ஜன்னல் என்பது சின்னக் கதவு

உலகத்திலேயே லத்தீன் பேசிக்கொண்டு வெல்டிங் அடித்த ஒரே மனிதர் ஜோகூரில் எங்கள் தம்போயில்தான் இருந்தார். ரோமாபுரியில்கூட இப்போது அப்படி ஒருவர் அகப்படமாட்டார். அங்கே லத்தீன் தெரிந்தவருக்கு வெல்டிங் வராது, வெல்டிங் தெரிந்தவருக்கு லத்தீன் வராது. இரண்டும் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒரு மோட்டார் பட்டறைக்கும் கார் கழுவுகிற இடத்துக்கும் நடுவே, தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். இருந்தார் என்றதும் பதறவேண்டாம். ஆள் கல்லு மாதிரி இருக்கிறார். போன வருஷம் கண் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து வெல்டிங்கைத்தான் விட்டுவிட்டார், லத்தீனை விடவில்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அது அவருடைய ஐ.சி. அடையாள அட்டையைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லத்தீன். எனக்கு லத்தீன் அண்ணே. பக்கத்து மோட்டார் பட்டறையின் சீன முதலாளி, தவுக்கே மட்டும் தினமும் பன்னிரண்டு மணிக்கு வேலிக்கு மேலே தலையை நீட்டி, "லத்தீன், சுடா மாக்கான்?" என்று சாப்பிட்டாச்சா விசாரிப்பார். அதற்கு மட்டும் அவர் மலாயில் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். மற்றவர்கள் எது கேட்டாலும் பதில் ரோமாபுரியில்தான் தொடங்கும்.

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ஃபாதர் ஆகவேண்டும் என்று குருமடத்துக்குப் போய் இரண்டே வருஷத்தில் திரும்பிவிட்டார். ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. காதல் என்றார்கள், சாப்பாடு பிடிக்கவில்லை என்றார்கள், பிஷப்போடு சண்டை என்றார்கள். நான் நேரடியாகவே கேட்டேன்.

"ஏண்ணே வந்துட்டீங்க?"

"அங்க படுக்குற ரூம்ல எல்லா ஜன்னலுக்கும் அசையாத கம்பி போட்டிருந்தாங்க, தங்கச்சி. தப்புன்னு சொன்னேன். லத்தீன் ஆதாரத்தோட சொன்னேன். லத்தீன் சொல்லிக்கொடுத்தவங்களுக்கே அது புடிக்கல."

லத்தீன் என்றால் முழு லத்தீன் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வார்த்தை தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் குடித்தனம் நடத்தியது ஒரே ஒரு வார்த்தையோடுதான். அந்த வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது, எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் கம்பி போட விலை விசாரிக்கப் போன அன்று. கையில் ஐஸ் காப்பி வாங்கிப் போயிருந்தேன். அவர் முடிக்கும்போது அதில் ஐஸும் இல்லை, காப்பியும் இல்லை, வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று இருந்தது.

"யானுவா. அப்படின்னா கதவு. லத்தீன்காரன் வெச்ச பேரு. சின்னதா இருந்தா யானுவெல்லா. அது போர்த்துகல் பக்கம் போயி ஜனேலா ஆச்சு. போர்த்துகீசியன் அதைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தான். கோவாவுல இறக்கினான், கொங்கணிக்காரங்க ஜனேல்னாங்க. சிலோன்ல இறக்கினான், சிங்களவங்க ஜனேலயன்னாங்க. மலாக்காவுல இறக்கினான், மலாய்க்காரங்க ஜெண்டேலான்னாங்க. நம்மகிட்டயும் ஒண்ணைக் குடுத்துட்டுப் போனான். இப்ப சொல்லுங்க, ஜன்னல்னா என்ன?"

"ஜன்னல்தான்ணே."

"சின்னக் கதவு, தங்கச்சி. கதவுன்னா தொறக்கணும். ஆளு போகணும், வரணும்."

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் வேலையிலும் அதையே செய்தார். அவர் செய்கிற ஒவ்வொரு ஜன்னல் கம்பியிலும் ஒரு பகுதி மட்டும் கீல் வைத்துக் கதவு மாதிரி திறக்கும். வெளியிலிருந்து கை விட்டால் எட்டாதபடி தகடு மறைத்து, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வேண்டும் என்றாலும் வைப்பார், வேண்டாம் என்றாலும் வைப்பார். ஒரு வயசான மலாய் அம்மா, மக்சிக், பாவம், அரை மணி நேரம் கப்பல் கதை கேட்டுவிட்டு, "எனக்கு ஜெண்டேலா எல்லாம் வேண்டாம், திங்காப் போதும்," என்று மலாயில் கெஞ்சினார். இரண்டுமே ஜன்னல்தான். ஜெண்டேலா பாட்டில் வரும், திங்காப் வீட்டில் இருக்கும். அந்த மக்சிக் வீட்டுத் திங்காப்பிலும் ஒரு சின்னக் கதவு வந்து உட்கார்ந்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தார். ஜன்னல் நம்ம வார்த்தையே இல்லை, சாளரம் என்று சொல்லுங்கள் என்றார். லத்தீன் அண்ணன் முகம் வாடவே இல்லை. "தாராளமா சாளரம்னு சொல்லுங்க சார். பில்லுலயும் சாளரம்னே எழுதித் தரேன். ஆனா சின்னக் கதவு வெச்சுத்தான் தருவேன்." மாட்டி முடித்த பிறகு ஆசிரியர் அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.

அளவெடுக்கிற விதம் இருக்கிறதே, அது இன்னொரு கூத்து. ஜன்னலை அளப்பதற்கு முன்னால் வீட்டு ஆட்களை அளப்பார். "வீட்டிலேயே பெரிய ஆளு யாரு? அவங்க நுழையணும்." எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி விழுந்ததும் என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெண்களை அவர் டேப் வைத்து அளக்கமாட்டார், மரியாதை. அதனால் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு இருக்கும்ணே," என்று காட்டினார். விரித்த கைக்கு நடுவே ஒரு குளிர்ப்பெட்டியை நிற்கவைக்கலாம். அன்றைக்குக் குழம்பில் மீன் தலை அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு அந்தச் சின்னக் கதவு பிடிக்கவே இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பி போடுவது எதற்கு, யாரும் நுழையக்கூடாது என்றுதானே. அதில் போய் வழி வைப்பானா ஒருத்தன். அவர் மாட்டிவிட்டுப் போன மறுநாளே அந்த ஜன்னலை அடைத்து இஸ்திரி மேசையைப் போட்டு, மேலே தீபாவளிப் பலகாரத் தகர டின்களை அடுக்கிவிட்டேன். எட்டு வருஷம் அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொடவில்லை.

பிறகு எங்கள் தாமானில் திருட்டு ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் மூன்று வீடு. குடியிருப்பாளர் சங்கம் கூடி, முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னல் கம்பி போடுவது என்று முடிவாயிற்று. தலைவர் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். செயலாளர் நான்தான். யார் கையில் வேலையைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. சார்ஜன் லத்தீன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் இருந்தேன்.

"கம்பி கெட்டியா இருக்கணும். தொறக்கற சமாச்சாரம் ஒண்ணும் வேணாம். திருடனுக்கு நாமளே கதவு வெச்சுக் குடுக்கறதா?"

"தாழ்ப்பாள் உள்ள இருக்கு சார்ஜன். அதைத் தொறக்கணும்னா திருடன் முதல்ல உள்ள வரணும். உள்ள வந்தவன் அதை ஏன் தொறக்கப் போறான்?"

"தொறக்காத கம்பியா செஞ்சு தர முடியுமா, முடியாதா?"

"அதுக்குப் பேரு ஜன்னல் இல்ல சார்ஜன், கூண்டு. கூண்டு செய்யறவங்க வேற எடத்துல இருப்பாங்க, அவங்களைப் பாருங்க."

எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். ஏனென்றால் அவருடைய நிலைமை எனக்குத் தெரியும். ரெடிமேட் கம்பிகள் வந்ததிலிருந்து பட்டறைக்கு வேலையே இல்லை. பல நாள் சும்மா உட்கார்ந்து சுத்தியலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். இந்த முப்பத்தாறு வீடு கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூடிவிட்டுப் பத்து பாகாட் ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மகள் அங்கே ஒரு துணி ஃபேக்டரியில் வாசல் காக்கிற ஜாகா வேலைக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போய் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, ஒரு தடவை லத்தீனை மறந்துட்டு வேலையப் பாருங்கண்ணே. முப்பத்தாறு வீடு."

அவர் சிரித்தார். "ஜேனிட்டர்னு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, அதுவும் இதே யானுவாதான் தங்கச்சி. வாசக்கதவுல நிக்கறவன்னு அர்த்தம். ஜன்னல் செஞ்சவன் வாசல் காக்கப் போறேன். ஒரே குடும்பத்துக்குள்ளதான் எடம் மாறறேன், விடுங்க." பேச்சு அதுதான். ஆனால் கையில் இருந்த ஸ்பேனரை வைக்க இடம் தேடி மூன்று தடவை மேசையைச் சுற்றினார்.

பிடிவாதக்காரனுக்கு என்ன செய்ய முடியும் என்று நான் வீட்டுக்கு வந்து கடிதத்தை டைப் அடித்தேன். வேலையை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கே கொடுத்துவிடலாம், திறக்காத கம்பி, செயலாளரின் பரிந்துரை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம். கமிட்டியில் ஏழு பேர். மூன்று பேர் அவர் பக்கம், மூன்று பேர் சார்ஜன் பக்கம். ஏழாவது ஓட்டு என்னுடையது.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் தலை சீவி, பஞ்சாபி சூட் போட்டு, கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசல் கிரில் பூட்டியிருந்தது. அது தினமும் பூட்டித்தான் இருக்கும். ஜோகூரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற வீடுகளில் இது வழக்கம். விடிவதற்கு முன்னால் கிளம்புகிற ஆள், தூங்குகிறவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு சாவிக்கொத்து சுவரில் ஆணியில் தொங்கும். அன்றைக்கு ஆணி மட்டும் இருந்தது.

போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஜூரோங்ல. வேலைக்கு வந்தாச்சு. ஏன்?"

"என் சாவி எங்க?"

பையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டுமே என் பைல இருக்கு போல," என்றார்.

போலவாம். முப்பது வருஷமாக இந்தப் போலவோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். பின்கதவுச் சாவியும் அதே கொத்தில். அவர் சிங்கப்பூர் பாலத்தைத் தாண்டித் திரும்பி வருவதற்குள் கூட்டம் முடிந்து, நாற்காலியெல்லாம் மடக்கி, பலகாரத் தட்டைக்கூடக் கழுவியிருப்பார்கள். சார்ஜனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. பூட்டை வெட்டுகிற மெஷினோடு பத்து நிமிஷத்தில் வரக்கூடிய ஆள் தம்போயில் ஒரே ஒருவர்தான். அவருடைய பிழைப்பில் மண்ணைப் போடுகிற கடிதம் என் கைப்பையில் இருந்தது. வெட்கத்தை விட்டு அவருக்கே போன் போட்டேன்.

"அண்ணே, வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"அலாமாக். பயப்படாதீங்க, வரேன்," என்றார்.

பழைய மோட்டார் சைக்கிளில் வந்தார். பூட்டைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெட்டிடுங்கண்ணே, சீக்கிரம்."

"வெட்டலாம். வெட்டிட்டு, வீட்டைத் தொறந்து போட்டுட்டா கூட்டத்துக்குப் போவீங்க? திருட்டு நடக்கற நேரம். பின்னறைக்கு வாங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. போனேன். எட்டு வருஷத்து முறுக்கு டின்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். இஸ்திரி மேசையை ஓரமாக இழுத்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவர் வெளியே நின்று கம்பி வழியாகச் சின்ன எண்ணெய் டப்பாவை நீட்டினார். "நாலு சொட்டு விடுங்க. அவசரப்படாதீங்க. இப்ப ஒரு டின்னால தட்டுங்க, தலையில தட்டுங்க, பக்கத்துல இல்ல. ஆங். இழுங்க." இழுத்தேன். மாட்டேன் என்றது. திட்டிக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தேன், வந்துவிட்டது. சின்னக் கதவு கிறீச்சென்று திறந்தது.

வெளியே தன் இரும்புப் பெட்டியைக் கவிழ்த்துப் படி மாதிரி வைத்தார். அது ஆடாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாக்கடைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "எறங்கிட்டேன்னு சொன்னா திரும்புறேன்," என்றார். ஐம்பது வயதில் ஜன்னல் வழியாக இறங்குவது சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. முதலில் கால் போனது, பிறகு மரியாதை போனது, பிறகுதான் மீதி நான் வந்தேன். என் வீட்டுக்காரர் அன்று காட்டிய அளவில் ஒரு விரல் குறைந்திருந்தாலும் நான் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன். முழங்கை சிராய்த்துக்கொண்டது. அவர் கடைசிவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பையை உள்ளேயே மேசைமேல் விட்டுவிட்டேன். அவர்தான் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். பை வாய் திறந்து, சங்கத்தின் முத்திரையோடு கடிதம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்துவிட்டுக் கொடுத்தார். சின்னக் கதவைச் சாத்தி, தன் பெட்டியிலிருந்து ஒரு பூட்டை எடுத்துப் போட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "ஏறுங்க, விட்டுடறேன். நடந்தா லேட்டாயிடும்."

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை அவர். யானுவாவும் இல்லை, போர்த்துகீசியனும் இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாலாய் ராயா வாசலில் இறங்கியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அந்த லெட்டர்ல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். டைப் அடிச்சது யாருன்னும் தெரியும். போங்க தங்கச்சி, பத்து அஞ்சு ஆச்சு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவரைத் தோற்கடிக்க வேண்டிய ஓட்டை, கூட்டம் முடிவதற்குள் அவரே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார். இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

உள்ளே சார்ஜன், "என்னம்மா லேட்டு, லெட்டரைப் படிங்க," என்றார். நான் கைப்பையைத் திறக்கவே இல்லை.

"தலைவரே, வீட்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றது?"

"வாசல் வழியாத்தான்."

"வாசல் பூட்டியிருந்தா?"

"சாவி எதுக்கு இருக்கு?"

"சாவி ஜூரோங்ல இருந்தா?"

நான் முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், என் மரியாதை போன பகுதியையும் விடாமல் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் விடிவதற்கு முன்னால் வெளியிலிருந்து பூட்டப்படுகிற வீடுகள். ஒரு பெண் எழுந்து, "எங்க வீட்டுலயும் அப்படித்தான். பிள்ளைங்களை உள்ள வெச்சுத்தான் பூட்டிட்டுப் போறாரு," என்றாள். அடுத்து கமிட்டி ஓட்டை எண்ணியபோது ஆறு கை உயர்ந்தது. ஏழாவது சார்ஜனுடைய கை. அது கொஞ்ச நேரம் மேசைமேலேயே இருந்துவிட்டு, மூக்கைச் சொறிவது போலப் போய், அப்படியே மேலே ஏறியது.

வெயிலில் பட்டறைக்கு நடந்தே போனேன். லத்தீன் அண்ணன் சாமான்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். வெல்டிங் மெஷினைத் தவுக்கேயிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு, இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கப் போகிற நேரம்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க. முப்பத்தாறு வீடும் உங்களுக்குத்தான். எல்லாத்துலயும் சின்னக் கதவு. சார்ஜனும் கை தூக்கிட்டாரு."

தவுக்கே தன் பக்கத்தை இறக்கிவைத்தார். லத்தீன் அண்ணன் பிடித்தது பிடித்தபடி நின்றார். பிறகு கீழே உட்கார்ந்து, கையுறையோடு கண்ணைத் துடைத்தார், முகமெல்லாம் கரி. நான் லத்தீனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மக கிட்ட நீங்களே சொல்லிடுங்க தங்கச்சி. நான் பேசினா அழுதுடுவேன்."

பத்து பாகாட்டில் மணி அடித்தது. அந்தப் பெண் எடுத்த உடனே, "அப்பா, எப்ப வரீங்க? ரூமெல்லாம் ரெடி," என்றாள். இத்தனை வருஷம் அவரிடம் சொல்லாததை யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன்.

"உங்கப்பா அங்க வரல பாப்பா. அவரு எங்களுக்கு வேணும்."